முதல் பிளின்ட்லாக் ரைபிள் அடம்பிடித்தால்: எதை முதலில் பார்ப்பது

இங்கே பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு பிளின்ட்லாக்குக்கென்றே, அதாவது சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கும் பழைய வகைத் துப்பாக்கிக்கென்றே, ஒரு மான் வேட்டைப் பருவம் தொடங்கும். அதனால் அக்டோபர் பிறந்ததுமே எங்கள் சுடுகளத்து மர மேசைக்கு ஆட்கள் வர ஆரம்பிப்பார்கள். கையில் தனித்தனிப் பாகங்களாக, கிட்டாக வாங்கி, வீட்டு நிலவறையில் மாதக்கணக்காகச் செதுக்கித் தேய்த்துச் சேர்த்த முதல் ரைபிள். முகத்தில் கல்யாணப் பெண்ணின் தகப்பனுக்கு இருக்கும் களைப்பு. "எல்லாம் சரியாத்தான் செஞ்சேன், சுட மாட்டேங்குது" என்பதுதான் எல்லோர் புகாரும். நானும் ஒரு காலத்தில் அந்த மேசைக்கு அப்படித்தான் போனேன். இப்போது மேசையின் மறுபக்கம் நிற்கிறேன்.

மறுபக்கம் நின்று கற்றது ஒன்றுதான். முதல் ரைபிளில் வரும் கோளாறு பெரும்பாலும் கல்லில் இருக்கும், இல்லையென்றால் அழுக்கில், அதுவும் இல்லையென்றால் மரத்தில். இரும்பில் இருப்பது அபூர்வம். ஆனால் புதியவர் முதலில் எடுப்பது அரத்தைத்தான். உளி தவறினால் மரத்துக்கு ஒட்டுப்போடலாம். அரம் தின்ற சியர் முனைக்கு ஒட்டுப்போட முடியாது. அதனால் கீழே ஒவ்வொரு கோளாறிலும் செலவில்லாததை முதலில், இரும்பைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

பெயர்கள்: கல்லைக் கவ்விக்கொண்டு பாயும் பாகம் காக். அது அடித்துத் திறக்கும் எஃகு மூடி ஃபிரிஸன். அதற்குக் கீழே வெடிமருந்துக் கிண்ணி. கிண்ணியிலிருந்து குழலுக்குள் போகும் ஓட்டை தீத்துளை. காக்கையும் ஃபிரிஸனையும் தாங்கிப் பொறி எழுப்பும் அமைப்பு முழுவதும் லாக். அதன் உள்ளே காக்கோடு சேர்ந்து சுழல்வது டம்ளர் (காபி டம்ளர் அல்ல), டம்ளரின் வெட்டில் விழுந்து பிடிப்பது சியர். மரப்பாகம் முழுக்கக் கட்டை.

சட்டம் பற்றி ஒரே பத்தி. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டின் கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டம் குழலின் வாய்வழியாக வெடிமருந்திடும் இந்த வகையைப் பழம்பொருள் கணக்கில் விட்டுவிடுகிறது. மாநிலச் சட்டங்கள் வேறுபடும், உங்கள் மாநிலத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது குற்றம். நாட்டுத் துப்பாக்கியும் அதில் அடங்கும். ஊரில் இருந்து படிப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எதைத் தொடும் முன்னும்

குழல் காலியா என்று பாருங்கள். கெட்டிக்கும் கோலைக் காலிக் குழலில் விட்டு, வாய் மட்டத்தில் ஒரு கோடு. வழக்கமான மருந்தும் குண்டும் போட்டபின் இன்னொரு கோடு. இந்த இரண்டு கோடும் இல்லாத கோலோடு வருகிறவரின் துப்பாக்கியை நான் கையில் வாங்குவதில்லை. சோதனை மேசையில் கரிமருந்துக் குப்பி இருக்கக் கூடாது. இன்னொன்று, இதில் கரிமருந்து மட்டும்தான். நவீனப் புகையில்லா மருந்து ஒரு சிட்டிகை போனாலும் குழல் பிளந்து கை போகும்.

பொறியே இல்லை, அல்லது மங்கலான சிவப்புப் பொறி

நல்ல பொறி வெள்ளையும் மஞ்சளுமாகச் சீறிக்கொண்டு கிண்ணிக்குள் விழ வேண்டும்.

முதலில் கல். விரல் நகத்தில் அதன் விளிம்பை இலேசாக இழுத்துப் பாருங்கள். நகத்தைச் சுரண்டாத கல் எஃகைச் சுரண்டாது. சின்னப் பித்தளைத் தண்டால் விளிம்பைத் தட்டித் தட்டிச் செதிலெடுத்தால் கூர் திரும்பும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், செதில் கண்ணைத்தான் தேடும். இங்கிலாந்தின் பிராண்டன் ஊர்க் கருஞ்சக்கிமுக்கி நன்றாகச் செதிலெடுக்கும். இயந்திரத்தில் அறுத்து மழித்த அகேட் கல்லில் அந்த வித்தை பலிக்காது.

பிறகு கல் உட்கார்ந்திருக்கும் விதம். காக்கைப் பாதி இழுத்து நிறுத்தும் நிலையில், அதாவது அரைக் காக்கில் வைத்து ஃபிரிஸனை மூடினால் கல் அதன் முகத்துக்கு மிக அருகில், ஆனால் தொடாமல் நிற்க வேண்டும். விளிம்பு முழு நீளத்துக்கும் ஃபிரிஸனுக்கு இணையாக இருக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் தட்டினால் பாதிப் பொறிதான். கல் குட்டையாகிப் பின்வாங்கியிருந்தால் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் ஒரு தீக்குச்சித் துண்டைச் செருகி முன்னே தள்ளலாம். கல்லின் சரிந்த பக்கம் மேலே பார்க்க ஒருமுறை, கீழே பார்க்க ஒருமுறை வைத்துப் பாருங்கள். எந்த லாக்குக்கு எது பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கல்லைச் சுற்றித் தோல் இல்லாமல் வெறும் இரும்புத் தாடையில் இறுக்கியிருந்தால் அது ஆடும், உடையும்.

அடுத்து எண்ணெய். கிட் வந்தபோது பூசியிருந்த காப்பெண்ணெய் ஃபிரிஸன் முகத்தில் இருக்கும். ஆல்கஹால் துணியால் துடைத்தால் போதும். "லாக்கையே மாத்தணும்" என்று வந்த எத்தனையோ பேர் இந்தத் துணியோடு வீடு திரும்பியிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு பொறி சிவந்து மங்கினால் ஃபிரிஸன் மெத்தென்று இருக்கலாம். அதன் ஓரத்தில், முகத்தில் அல்ல, நல்ல அரத்தின் மூலையை இலேசாக இழுங்கள். வழுக்கினால் கடினம், கடித்தால் மென்மை. மென்மையென்றால் உங்கள் வேலை முடிந்தது. லாக் செய்தவரிடம் அனுப்புங்கள். எந்த எஃகு என்று தெரியாமல் வீட்டு அடுப்பில் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கியவர்கள் கொண்டுவந்த விரிசல் விட்ட ஃபிரிஸன்கள் எங்கள் மேசை டிராயரில் கிடக்கின்றன.

பொறி கொட்டுகிறது, கிண்ணி பற்றவில்லை

பெரும்பாலும் ஈரம். கரிமருந்தின் சாம்பல் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கறுத்த சேறாகிவிடும். ஒவ்வொரு வேட்டுக்குப் பிறகும் கிண்ணி, ஃபிரிஸன், கல் மூன்றையும் துடையுங்கள்.

மருந்தைப் பாருங்கள். கிண்ணிக்கு மிக நுண்ணிய நான்கு எஃப் கரிமருந்து. சிலர் கரிமருந்து கிடைக்காமல் மாற்று மருந்தைப் போட்டுவிட்டு லாக்கைத் திட்டுவார்கள். மாற்று மருந்துகள் பற்றிக்கொள்ள அதிகச் சூடு கேட்பவை, பிளின்ட்லாக் பொறிக்கு அவை மசியா.

மருந்தும் உலர்ந்திருந்தால் பொறி எங்கே விழுகிறது என்று பாருங்கள். காலித் துப்பாக்கி, காலிக் கிண்ணி, இருட்டறை, கைபேசியில் மெதுவோட்டப் படம். பொறி கிண்ணியைத் தாண்டி முன்னே பறந்தால் கல்லின் உயரத்தையும் கோணத்தையும் மாற்றுங்கள். ஃபிரிஸன் முழுதாகத் திறக்காமல் திரும்பி வந்து கல்லை மோதினால் அதன் வில்லில் கோளாறு. வில்லைத் தட்டிச் சரிசெய்வது லாக் தெரிந்தவர் வேலை.

கிண்ணி பற்றுகிறது, குழல் வெடிக்கவில்லை

முதலில் அசையாதீர்கள். குழல்வாய் இலக்கை நோக்கியே இருக்கட்டும், ஒரு முழு நிமிடம். தாமதமாக வெடிப்பது உண்டு. அந்த நேரத்தில் கூட நிற்பவருக்கு வாயைத் திருப்பிக் காட்டி "பாத்தீங்களா?" என்று கேட்ட ஒருவரை எங்கள் களத்தில் மறுபடி உள்ளே விடவில்லை.

பிறகு மெல்லிய கம்பியால் தீத்துளையைக் குத்தி, புதுக் கிண்ணி மருந்திட்டு மறுபடி சுடுங்கள். பாதித் தொல்லை இதில் தீரும்.

தீரவில்லையென்றால் கோலை விட்டுக் கோட்டைப் பாருங்கள். கோடு காலிக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றால், மருந்து போடாமல் குண்டை மட்டும் இறக்கியிருக்கிறீர்கள். வெட்கப்பட வேண்டாம், பேசிக்கொண்டே கெட்டிக்கும் எல்லோருக்கும் வரும், எனக்கு இரண்டு முறை வந்தது. தீத்துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக நான்கு எஃப் மருந்தைத் தட்டி உள்ளே விட்டு, கோலால் குண்டை மீண்டும் அடிவரை இறக்கி, கோலை வெளியே எடுத்துவிட்டு, இலக்கை நோக்கிச் சுட்டால் வெளியேறும். நடுவில் நின்ற குண்டுக்கும் மருந்துக்கும் இடையே வெற்றிடம் வைத்துச் சுடவே கூடாது, குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். கரியமிலவாயுக் குப்பியால் ஊதித் தள்ளும் கருவியும் உண்டு. களத்தில் யாரிடமாவது இருக்கும்.

கோடு சரியாக இருந்தும் வெடிக்கவில்லையென்றால் அடியில் எண்ணெய் தேங்கி மருந்தை நனைத்திருக்கும். துப்பாக்கியை வாய் மேலாகச் சாத்தி வைத்தால் எண்ணெய் எல்லாம் அடிக்கு இறங்கும். வாய் கீழாகச் சாத்துங்கள். சுடும் நாள் காலையில் உலர்ந்த துணியை அடிவரை விட்டு எடுங்கள்.

எதுவும் பலிக்காமல் குழலுக்குள் மருந்தும் குண்டும் மாட்டிக்கொண்டு நின்றால், வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். களப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். அடிமூடியைக் கழற்றி எடுக்கலாம் என்று எண்ணவே வேண்டாம்.

இழுத்துப் பிடித்து வெடிக்கிறது

'டிக்', 'ஃப்ஸ்ஸ்', பிறகு 'டும்'. நல்ல பிளின்ட்லாக்கில் இந்த மூன்றும் காதுக்கு ஒன்றாகவே கேட்கும்.

கிண்ணியை வழிய வழிய நிரப்பித் தீத்துளையை மூடிவிட்டால் அங்கே மருந்து திரிபோல எரிந்துகொண்டு போக வேண்டும். துளைக்குக் கீழே நிற்கும் அளவு போதும். கெட்டிக்கும்போது துளைக்குள் அழுக்கு அடைத்ததா என்று கம்பியால் பாருங்கள்.

அடுத்து துளையின் அளவு. ஓர் அங்குலத்தில் 16ல் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 1.6 மில்லிமீட்டர், வழக்கமானது. அதைவிடச் சிறியது மெத்தனம் தரும். அகட்டுவது எளிது, குறைப்பது முடியாது. அதனால் ஒரே ஓர் எண் பெரிய துளையாணி, சுட்டுப் பார், பிறகு அடுத்தது. 2 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால், அல்லது துளை கிண்ணியின் மேல்விளிம்பை விட்டு விலகி ஏறியோ இறங்கியோ இருந்தால், துளை உறையை மாற்ற வேண்டும். அது துப்பாக்கிக் கொல்லர் வேலை. பக்கத்தில் நிற்பவர் முகத்துக்கு நேரே நெருப்பு வரும் இடம் அது.

வெளியே ஓடும் லாக், கட்டைக்குள் போனதும் திணறுகிறது

மேசைக்கு வரும் புகாரில் பாதி இதுதான். கையில் வைத்தால் காக் கத்திபோல் பாய்கிறது. கட்டையில் பொருத்தித் திருகினால் மாவில் சிக்கிய கரண்டி மாதிரி நகர்கிறது. கையில் ஓடுகிறதென்றால் லாக் நல்லது, குற்றவாளி மரம். லாக்கைப் பிரிக்காதீர்கள்.

முதலில் கெட்டிக்கும் கோலை உருவிவிட்டு முயலுங்கள். நம்ப மாட்டீர்கள், சில கட்டைகளில் கோல் ஓடும் துளை இறங்கிப் போய் காக்கைப் பாயவைக்கும் பெருவில்லை உரசும். கோலை எடுத்ததும் லாக் உயிர் பெறும். கோலின் நுனிப்பக்கத்தைக் கொஞ்சம் சீவினால் தீர்ந்தது.

அது இல்லையென்றால் லாக் திருகுகளை முழுதும் தளர்த்துங்கள். கையால் அழுத்திப் பிடித்துக் காக்கை ஏற்றி, கட்டைவிரலால் தாங்கி மெல்ல இறக்குங்கள். பிறகு அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்கிக்கொண்டே ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். எந்தச் சுற்றில் கனக்கிறதோ அங்கே பதில் இருக்கிறது. கடைசிச் சுற்றில் மட்டும் கனத்தால் நீங்கள் அதிகம் இறுக்குகிறீர்கள், அவ்வளவுதான். லாக் திருகு கார் சக்கரத் திருகு இல்லை. முதல் சுற்றிலேயே கனத்தால் உள்ளே ஏதோ மரத்தைத் தொடுகிறது.

எது தொடுகிறது என்பதற்குத்தான் மை. இங்கே தொழில் செய்பவர்கள் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்த ஒரு கறுப்பை இரும்பில் பூசி, பள்ளத்தில் வைத்து அழுத்தி எடுப்பார்கள். மரத்தில் கறுப்பு ஒட்டிய இடம் மேடு. என்னிடம் அந்தக் குப்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை தீர்ந்துபோனது. கடை இல்லை. மாமியார் ஆமணக்கெண்ணெய் விளக்கில் கரி பிடித்துக் குழந்தைக்கு அனுப்பியிருந்த கண்மை டப்பா அலமாரியில் இருந்தது. செய்முறை இரண்டுக்கும் ஒன்றுதானே! கடையில் வாங்கியதைவிட மெலிதாகப் படர்ந்தது. வீட்டில் அதன்பின் நடந்த பேச்சை இங்கே எழுதுவதாக இல்லை.

மை ஒட்டிய இடத்தை மட்டும், தாள் கனம், கூர்மையான உளியால். மறுபடி பூசு, வை, பார். பெருவில் விரியும்போது அதன் கீழ்க்கை போய் இடிக்கும் இடம், டம்ளர் சுழலும் வட்டம், சியரின் நீட்டிய கை நுழையும் துளை: இந்த மூன்றும்தான் வழக்கமான சந்தேகத்துக்குரியவர்கள். லாக் தகட்டின் ஓரம் உட்காரும் விளிம்பை மட்டும் தொடாதீர்கள். அது போனால் காலத்துக்கும் இடைவெளி தெரியும்.

மையிலும் எதுவும் தெரியவில்லையா? டிரிகர் தகட்டைக் கழற்றிவிட்டு லாக்கை மட்டும் பொருத்திப் பாருங்கள். இப்போது சரியாக ஓடினால் டிரிகர்தான் சியரின் கையை எப்போதும் கீழிருந்து தள்ளிக்கொண்டிருக்கிறது. டிரிகரை இலேசாக ஆட்டினால் சிறிது சும்மா ஆட வேண்டும். ஆடவில்லையென்றால் டிரிகரின் மேல்முனையைக் குறைக்கலாம். லாக், டிரிகர் பாகங்களில் அரத்துக்கு நான் அனுமதி தரும் ஒரே சின்ன இரும்பு இதுதான்.

ஒரு குறிப்பு: குளிர்காலத்தில் சூடேற்றிய வீட்டில் செதுக்கிய பள்ளம் ஜூலை ஈரத்தில் உப்பி இறுகும். பள்ளத்தின் உள்ளேயும் எண்ணெய் பூசி அடைத்திருக்கிறீர்களா? பெரும்பாலோர் வெளியே மட்டும் மினுக்கி உள்ளே வெறும் மரமாக விட்டுவிடுகிறார்கள்.

அரைக் காக் நிற்கவில்லை, அல்லது சுடும்போது அரைக் காக்கில் மாட்டுகிறது

இரண்டும் வேறு வேறு.

நிற்கவில்லை என்றால் உடனே சுடுவதை நிறுத்துங்கள். மேலே சொன்ன டிரிகர் சோதனையைச் செய்யுங்கள். டிரிகர் தள்ளுவதால் சியர் வெட்டுக்குள் முழுதாக விழாமல் இருக்கலாம். சியர் கை துளையில் மரம் தட்டுகிறதா என்றும் பாருங்கள். டிரிகர் தகடு இல்லாமலும் வழுக்கினால் வெட்டோ சியர் முனையோ கெட்டிருக்கிறது. லாக் செய்தவருக்கு அனுப்புங்கள். "கொஞ்சமா கல்லுல தேச்சேன், டிரிகர் சொகமா இருக்கணும்னு" என்று ஆரம்பிக்கும் கதைகள் எனக்கு மனப்பாடம்.

சுடும்போது மாட்டினால், உங்களுக்கு இரட்டை டிரிகரா (ஒன்றை இழுத்து ஆயத்தம் செய்து, மற்றதை இலேசாகத் தொட்டுச் சுடுவது) என்று பாருங்கள். அதில் டிரிகர் சியரைத் தட்டுவது ஒரு நொடிதான். சியர் உடனே திரும்பி விழும். அது அரை வெட்டைத் தாண்டிப் போக டம்ளரில் ஈ அளவுக்கு ஒரு சின்னத் துண்டு இருக்கும், ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே ஈதான். பிரித்துத் துடைத்தபோது அது தரையில் விழுந்து தொலைந்திருக்கும். அல்லது பழைய எண்ணெய்ப் பிசினில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிசினென்றால் துடையுங்கள். தொலைந்ததென்றால் காந்தத்தோடு தரையில் தவழுங்கள்.

கட்டையில் விரிசல்

குழலின் வால் தகட்டுக்குப் பின்னால் முடிபோல ஒரு கோடு. வால் நுனியைப் பள்ளத்தில் அச்சாகப் பொருத்தி அழகு பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு உதையிலும் அந்த நுனி ஆப்பாக மரத்தைப் பிளக்கும். உதையைக் குழலின் அடி தாங்க வேண்டும், வால் நுனிக்குப் பின்னால் ஒரு தாள் இடைவெளி வேண்டும். விரிசல் கோடு அளவில் இருந்தால் மெல்லிய பசையை ஊறவிட்டு, இடைவெளி எடுத்துவிட்டு மேலே போகலாம்.

நீள முன்கட்டை வளைந்தாலோ குழலைக் கட்டையோடு பிணைக்கும் முள்ளாணி அருகே பிளந்தாலோ, குழலடிக் காதுகளில் ஆணித்துளையை நீளவாக்கில் சற்று நீட்டவில்லை என்று பொருள். மரம் சுருங்கும், குழல் சுருங்காது. கைப்பிடி மெலிந்த இடத்தில் குறுக்கே விரிசல் என்றால் பசை வேண்டாம், சுடவும் வேண்டாம். கொல்லரிடம் காட்டுங்கள்.

குண்டு சிதறுகிறது

குறிபார்க்கும் முன்கண்ணி, பின்கண்ணியைத் தொடும் முன், குண்டைச் சுற்றிக் கெட்டித்துக் கீழே விழுந்த பாட்ச் துணிகளைப் பொறுக்குங்கள். அவை எல்லாம் சொல்லும். நடுவில் கருகி ஓட்டை: துணி மெல்லியது அல்லது காய்ந்துவிட்டது. வட்டமாக வெட்டு: குழல்வாய் விளிம்பு கூராக இருக்கிறது. கட்டைவிரலால் மெல்லிய உப்புத்தாளை அழுத்தி வாயைச் சுற்றித் தேயுங்கள், இயந்திரம் வேண்டாம். கோடுகோடாகக் கிழிசல்: புதுக் குழலின் வரிப்பள்ள முனைகள், நூறு வேட்டில் தானே மழுங்கும். .50 குழலுக்கு .490 குண்டும் இறுக்கமான பருத்திப் பாட்சும் வழக்கமான தொடக்கம்.

துணிகள் நன்றாக இருந்து குண்டு ஒரே இடத்தில் தாழ்வாகக் கூடினால், முன்கண்ணி உயரமாக இருக்கிறது. அப்படித்தான் விட்டுவைப்பார்கள். சுட்டுச் சுட்டுத் துளித் துளியாகத் தேயுங்கள். இடம் வலம் என்றால் பின்கண்ணியை, குண்டு போக வேண்டிய திசைக்கே நகர்த்துங்கள்.

எண்ணெய் பூச்சு ஒட்டுகிறது, காயவில்லை

பச்சை ஆளிவிதை எண்ணெயைத் தடித்துப் பூசியிருக்கிறீர்கள். டர்பன்டைன் துணியால் பிசுக்கை எடுத்துவிட்டு, காய்ச்சிய எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்து, அரை மணியில் மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள்; ஆளிவிதை எண்ணெய்த் துணி காயும்போது சூடேறித் தானே பற்றிக்கொள்ளும். என் நிலவறை வாசலில் பழைய காபி டின் ஒன்று தண்ணீரோடு நிற்கிறது. துணி அதற்குள் போகும், குப்பை வண்டி வரும் நாள்வரை அங்கேயே கிடக்கும்.